தபாலட்டையில் கேட்ட இணையம்

கூகுள் நம் லயங்களுக்கு வரும் முன்பே கொத்மலைக்காரர்கள் இணையத்தில் தேடியிருக்கிறார்கள். கேள்வியைத் தபாலில் எழுதிப் போடுவார்கள், முடிந்தவர்கள் தொலைபேசியில் கேட்பார்கள். கொத்மலை சமூக வானொலி அதை எடுத்துக்கொள்ளும். 1989இல் மகாவலித் திட்டத்தையொட்டித் தொடங்கிய அந்த நிலையத்துக்கு, 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியோடு இணைய இணைப்பு கிடைத்தது. நேயர் கேட்டதை அறிவிப்பாளர்கள் தேடிப்பிடித்து, ஆங்கிலப் பக்கத்தில் இருந்ததைச் சிங்களத்தில் எடுத்துச் சொன்னார்கள். நோய்நொடி பற்றிய கேள்வியென்றால் மருத்துவர் ஒருவரை அழைத்து விளக்கச் சொல்வார்கள். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் மக்களுக்காகக் கணினி வைத்தார்கள். நிகழ்ச்சி பெரும்பாலும் சிங்களத்திலேயே நடந்தது என்பதுதான் தோட்டத்து மக்களான நமக்குக் குறை.

அந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது, கேள்விக்கும் இணையத்துக்கும் நடுவில் ஆட்கள் இருந்தது. கேட்டவருக்கு என்னதான் வேண்டும் என்று ஒருவர் யோசித்தார். வந்த பதில் இந்த ஊருக்குப் பொருந்துமா என்று இன்னொருவர் பார்த்தார். இன்று லயத்துக்கு லயம் போன் இருக்கிறது. அந்த இரண்டு வேலையும் போன் வைத்திருப்பவர் தலையிலேயே விழுந்துவிட்டன. அவற்றை அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை.

கொழுந்தெடுத்து ஓய்ந்த ஒரு தாய்க்காக, உயர்தரம் படிக்கிற மகள் சேமலாப நிதி விபரம் தேடிக்கொண்டிருந்தாள். ஆங்கிலத்தில் ‘ஈபிஎஃப்’ என்று மட்டும் அடித்திருந்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

“அம்மா, ஒங்க யூஏஎன் நம்பர் என்னா?”

“அப்புடி ஒன்னும் ஆபீஸ்ல குடுக்கலியே புள்ள.”

“58 வயசு ஆகணும்னும் போட்டிருக்கும்மா.”

தாயின் முகம் வாடிவிட்டது. அவருக்கு இப்போதுதான் ஐம்பத்துச் சொச்சம். பிள்ளை வாசித்ததோ முழுக்க முழுக்க இந்தியாவின் விதிகள். அங்கேயும் இதே மூன்றெழுத்தில் ஒரு நிதி இருக்கிறது. அதைப் பற்றி எழுதுகிறவர்களும் தேடுகிறவர்களும் ஏராளம், ஆகவே அதுதான் முன்னால் வந்து நிற்கும். யூஏஎன் இந்தியத் தொழிலாளிக்குத் தரப்படும் கணக்கு எண். 58 அங்கே ஓய்வூதியத்துக்கான வயது. இலங்கையில் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், வேலையிலிருந்து விலகிய பெண் 50 வயதிலும் ஆண் 55 வயதிலும் தம் பணத்தைக் கேட்கலாம்.

“தமிழ்ல ஊழியர் சேமலாப நிதின்னு அடிம்மா” என்றேன். தமிழ்நாட்டில் அதை வருங்கால வைப்பு நிதி என்பார்கள். நம் பெயரைப் போட்டதும் இந்தியப் பக்கங்கள் பெரும்பாலும் ஒதுங்கிக்கொண்டன. பிறகு அதோடு ஆங்கிலத்தில் ‘சைட்’, ஒரு முக்காற்புள்ளி, இடைவெளி விடாமல் ‘ஜிஓவி.எல்கே’ என்று சேர்க்கச் சொன்னேன். இலங்கை அரச தளங்களில் மட்டும் தேடு என்று அதற்கு அர்த்தம். தொழில் திணைக்களத்தின் பக்கம் வந்தது. தாய் எட்டிப் பார்த்து, “இது நம்ம நாட்டோடதா?” என்று இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். அவர் கேட்ட அந்தக் கேள்விதான் தேடுகிற எல்லாரும் முதலில் கேட்க வேண்டியது. பதிலை மேலே சுருக்கி எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவிடமும் இதையே கேட்க வேண்டும். அது எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்று இணைப்பைத் திறந்து பார்க்காமல் நம்பக்கூடாது.

வேறு இரண்டு குறிகளையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். சொற்களை இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் அந்தத் தொடர் அப்படியே இருக்கிற பக்கங்கள் வரும். வேண்டாத சொல்லுக்கு முன்னால் ஒட்டினாற்போல் ஒரு கழித்தல் குறி வைத்தால் அந்தச் சொல் உள்ள பக்கங்கள் விலகும்.

நாடு சரியாக இருந்தும் நாள் தவறிப்போவதுண்டு. தோட்டத் தொழிலாளர் சம்பளம் என்று தேடிப் பாருங்கள். 2021இன் 1,000 ரூபாய் வரும். 2024 மே மாதம் வர்த்தமானியில் வந்த 1,700 வரும். அதே ஆண்டு செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளமாக நின்ற 1,350உம் வரும். அந்தந்த நாளில் அது அதுவே செய்தி. தேடல் பக்கத்தில் ‘கருவிகள்’ என்ற இடத்தில் காலத்தைக் கடந்த ஒரு மாதம், ஒரு வாரம் என்று குறுக்கினால்தான் இன்றைய நிலை தெரியும்.

சம்பள விடயத்திலாவது ஏமாற்றத்தோடு போய்விடும். மண்சரிவில் அப்படியில்லை. மழை பிடித்துக்கொண்டால் பழைய எச்சரிக்கையின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிடும், தேதி இருக்கிற மூலை வெட்டுப்பட்டிருக்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவுவாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடுகிறது. எத்தனை மணிக்கு விட்டது, எதுவரை செல்லும் என்றும் அதிலேயே போட்டிருக்கும். செய்திப் பக்கங்களைத் துழாவாமல் நேரே அந்த நிறுவனத்தின் தளத்துக்குப் போய், முதலில் அந்த நேரத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் வெளியேற வேண்டும், அதற்குப் பிறகு தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

கொத்மலையில் நடுவில் இருந்த ஆட்களைப் போல நாமும் ஏற்பாடு செய்துகொள்ளலாம். தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் கணினி இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கிளார்க் ஐயாமாரும் ஊரிலேயே இருக்கிறார்கள். ஞாயிறு காலையில் ஒரு மணிநேரம் ஓர் உயர்தரப் பிள்ளையைக் கணினி முன்னும், விவரம் தெரிந்த பெரியவர் ஒருவரைப் பக்கத்திலும் உட்கார வைத்தால் போதும். கேட்க வருகிறவர்கள் கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு வரட்டும். பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழை, அடையாள அட்டை, வீட்டுக் காணி உறுதி என்று கேள்விகளுக்குப் பஞ்சமிருக்காது. முதல் சில வாரங்கள் சேமலாப நிதிக்கே சரியாகிவிடும்.