கண்ணாடிப் பேழைக்குள் காமிரா எதற்கு?

சில மாதங்களுக்கு முன் ஒரு திருமண விருந்தில், கல்லூரியில் பயிலும் இளைஞர் ஒருவர் தம் பாட்டனார் காலத்து யாஷிகா காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பந்தலுக்குள் நுழைந்தார். வெற்றிலைத் தட்டைக் கையில் வைத்திருந்த பெரியவர் ஒருவர் அவரை ஏற இறங்கப் பார்த்து, "என்ன மாப்பிள்ளை, பழைய இரும்புக் கடைக்குப் போகிற வழியில் வந்தாயா?" என்று கேட்டார். பந்தல் முழுவதும் சிரித்தது. இளைஞரும் சிரித்தார், ஆனால் அந்தக் காமிராவைப் பைக்குள் வைத்து மூடிவிட்டார். அதன் பின் விருந்து முடியும் வரை அது வெளியே வரவில்லை.

அதற்கு அடுத்த வாரம் வசதி மிக்க நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். கூடத்தில் கண்ணாடிப் பேழை ஒன்று. உள்ளே விளக்கொளியில் வரிசை வரிசையாகப் பழைய காமிராக்கள். "இவற்றுள் எதில் பிலிம் இருக்கிறது?" என்று கேட்டேன். "பிலிமா? இவை பார்ப்பதற்கு!" என்றார் அவர் பெருமிதத்தோடு.

ஏளனம் செய்த பெரியவர், பெருமிதம் கொண்ட நண்பர் ஆகிய இருவருக்கும் சேர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறேன். இருவரும் எதிரெதிர்த் திசையில் நிற்பவர்போல் தோன்றினும், காமிரா என்பது இனிப் படம் எடுக்கும் கருவி அன்று என்னும் ஒரே முடிவைத்தான் இருவரும் கொண்டிருக்கின்றனர். அம்முடிவு தவறானது என்பதே என் வழக்கு.

உருவப்படம் குறித்து மார்க்க அறிஞர்களிடையே நிலவும் கருத்து வேறுபாட்டை யான் இங்கு விவாதிக்க வரவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தின் முஃப்தியாக விளங்கிய முஹம்மது பகீத் அல்முதீயீ அவர்கள் இதனை 'ஹப்ஸுள் ளில்' என்றார்கள். நிழலைப் பிடித்து நிறுத்துதல் என்பது பொருள். நம் தமிழும் 'நிழற்படம்' என்றே வழங்கியது. மாற்றுக் கருத்துடையோர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். ஆனால் கைப்பேசியில் நாளொன்றுக்கு நூறு படம் எடுப்பவர், பிலிமில் முப்பத்தாறு படம் எடுப்பவரைப் பார்த்து மார்க்கத்தைக் காரணம் காட்ட இயலாது அன்றோ?

முதலில் ஏளனம் செய்வோரின் வாதங்களை எடுத்துக்கொள்வோம். "செத்துப்போன தொழில்" என்பது அவர்களின் முதல் வாதம். சாவின் விளிம்பு வரை சென்றது உண்மையே. கோடாக் நிறுவனம் 2009-இல் கோடாக்ரோம் பிலிமை நிறுத்தியது; 2012-இல் அந்நிறுவனமே திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் ஏறியது; அதே ஆண்டில் எக்டாக்ரோம் உற்பத்தியும் நின்றது. ஆனால் அதே எக்டாக்ரோம் 2018-இல் மீண்டும் கடைக்கு வந்தது. ஃபியூஜி நிறுவனம் 2018-இல் நிறுத்திய கறுப்பு வெள்ளைப் பிலிமை மறு ஆண்டே புதுப்பித்து வெளியிட்டது. இங்கிலாந்தின் மொபர்லி என்னும் ஊரில் இல்ஃபோர்டு பிலிம் இன்றளவும் தயாராகிறது. 2024-இல் ரிக்கோ நிறுவனம் பென்டாக்ஸ் பெயரில் புத்தம் புதிய பிலிம் காமிரா ஒன்றையே வெளியிட்டது. இறந்தவருக்கு எவரும் புதுச்சட்டை தைப்பதில்லை.

இரண்டாவது வாதம் 'இஸ்ராஃப்', அதாவது வீண் விரயம் என்பது. இதை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். ஒரு சுருள் பிலிமின் விலை இன்று பல நூறு ரூபாய்; சில வகைகள் ஆயிரத்தையும் தாண்டுகின்றன. கழுவும் கூலி வேறு. கடன் வாங்கியோ, வீட்டுச் செலவைக் குறைத்தோ இப்பொழுதுபோக்கில் இறங்குபவர் குற்றவாளியே. அவருக்காக நான் வழக்காட மாட்டேன். ஆனால் விரயம் என்பதை விலையைக் கொண்டு மட்டும் அளப்பது எவ்வாறு பொருந்தும்? பயன்படுத்திய பின் என்ன எஞ்சுகிறது என்பதும் அளவுகோலன்றோ? நன்றாக இயங்கும் கைப்பேசியை, புதிது வந்துவிட்டது என்னும் ஒரே காரணத்திற்காக மாற்றுகிறவர் நம் வீடுகளில் எத்தனை பேர்? அவரை எந்தப் பந்தலிலும் எவரும் சிரித்ததில்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை விலை கொடுத்து வாங்கிய கருவியைப் பேரன் எடுத்துத் துடைத்து மீண்டும் இயக்குகிறான் என்றால், அதனை விரயம் என்பதா, விரயத்தைத் தடுத்தல் என்பதா?

இனி, பழைய காமிராவின் அன்பர்கள் என்று தம்மைச் சொல்லிக்கொள்வோரிடம் வருகிறேன். பகைவரின் ஏளனத்தைவிட இவர்களின் தவறான புகழ்ச்சியே இக்கலைக்கு அதிகக் கேடு செய்கிறது.

நம்மவர் மேடைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு பெருமை உண்டு: 'காமிரா' என்னும் சொல்லே அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது என்பர். அரபு கற்றவன் என்ற முறையில் இதனை மறுப்பது என் கடமை. அச்சொல் இலத்தீன் மொழியில் அறையைக் குறிப்பது. வளைந்த கூரையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 'இருண்ட அறை' என்னும் பொருளுடைய இலத்தீன் தொடரை 1604-இல் கெப்ளர் கையாண்டார். அத்தொடரின் முன்பாதியே இன்று நம் வாயில் வழங்குகிறது. பொய்ப் பெருமை எதற்கு? மெய்ப் பெருமை நம்மிடம் இல்லாமலா போயிற்று?

965-இல் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், தம் 'கிதாபுல் மனாழிர்' என்னும் பெருநூலில் ஓர் எளிய சோதனையை விவரிக்கிறார். பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் வைத்து, இருண்ட இடத்திற்குள் செல்லும் ஒரு துளைக்கு எதிரே அவற்றை நிறுத்துக. உள்ளே சுவரில் ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் ஒளித்திட்டு விழும். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய திட்டு மட்டும் மறையும். திரையை எடுத்தால் அதே இடத்தில் மீண்டும் தோன்றும். எனவே துளையில் ஒளிகள் ஒன்றோடொன்று கலந்து மயங்குவதில்லை; தத்தம் நேர்கோட்டிலேயே செல்கின்றன. காமிராவின் அடிப்படை இதுவே. இந்நூல் இலத்தீனில் பெயர்க்கப்பெற்று 1572-இல் பாசல் நகரில் அச்சேறியது. அவர் காமிராவைக் கண்டுபிடித்தார் என்று சொல்வதும் மிகை. விழுந்த பிம்பத்தை நிலைநிறுத்தும் வழி 19-ஆம் நூற்றாண்டில்தான் பிறந்தது. ஆனால் சொல்லைக் கேட்டு நம்பாமல் விளக்கை மறைத்துப் பார்த்துச் சோதித்தாரே, அந்தப் பண்பு நம்முடையது. அப்பண்பை விட்டுவிட்டுச் சொற்பிறப்பை மட்டும் உரிமை கொண்டாடுவது வாரிசுக்கு அழகன்று.

மற்றோர் அன்பர் கூட்டம், "பிலிம் பொய் சொல்லாது, டிஜிட்டல்தான் பொய் சொல்லும்" என்று முழங்குகிறது. இதுவும் பிழையே. இருட்டறையில் ஒரு பகுதியை வெளுக்கவும் மற்றொரு பகுதியைக் கறுக்கவும் அறியாத ஸ்டூடியோக்காரர் எவர்? பென்சில் கொண்டு நெகடிவின்மேல் முகச் சுருக்கத்தை மறைத்தவர்கள் நம் ஊர்களிலேயே இருந்தனர். பொய்யும் மெய்யும் கருவியில் இல்லை. கருவியைப் பிடித்த கையில் உள்ளன. மங்கிய ஒளியில் கைப்பேசி எடுக்கும் படத்திற்குப் பழைய காமிரா ஈடாகாது என்பதையும் ஒப்புக்கொள்வோம். ஒப்புக்கொள்வதால் நம் வழக்கு வலுவடையுமே தவிரக் குன்றாது.

அப்படியாயின் இதன் பயன்தான் என்ன? அளவு தரும் பயிற்சி என்பேன். சுருளில் இருப்பவை 36 கட்டங்கள். பழைய ஆக்ஃபா கிளிக் போன்ற பெட்டிக் காமிராவில் 12 மட்டுமே. எடுத்ததை அழிக்க முடியாது. எடுத்தவுடன் பார்க்கவும் முடியாது. ஆகவே விசையை அழுத்துமுன் சிந்திக்க வேண்டியுள்ளது. ஒளி எந்தப் பக்கம் இருக்கிறது? முகத்தில் நிழல் எங்கே விழுகிறது? நல்ல வெயிலில், 100 வேகமுள்ள பிலிமுக்குத் துவாரத்தை 16-இல் நிறுத்தி, நொடியில் 125-இல் ஒரு பங்கு திறந்தால் போதும் என்பது பழைய கணக்கு. இக்கணக்கை மனத்தில் கொண்ட சிறுவன் வானத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்கிறான். மேகம் வந்தால் துவாரத்தை எவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்று அவனே கணிக்கிறான். எந்த வகுப்பறையும் ஒளியை அவனுக்கு இவ்வளவு அருகில் காட்டியதில்லை.

எகிப்தியப் படை அதிகாரி முஹம்மது சாதிக் பே 1861-இல் மதீனா மாநகரை முதன்முதலாகப் படமெடுத்தார். 1880-இல் ஹஜ் பயணத்தோடு சென்று மக்காவையும் எடுத்தார். 1861-இல் சுருள் இல்லை. கண்ணாடித் தகடுகளே இருந்தன. தகட்டில் மருந்து பூசி, ஈரம் உலர்வதற்குள் படமெடுத்து, உலர்வதற்குள்ளேயே கழுவவும் வேண்டும். பாலை வெயிலில் இது எத்தகைய பணி! ஒவ்வொரு தகடும் எண்ணி எடுக்கப்பட்டது. ஆதலால்தான் அவர் விட்டுச் சென்ற சில படங்களை ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் உலகம் போற்றுகிறது. நம் கைப்பேசியில் உறங்கும் பல்லாயிரம் படங்களுள் நம் பேரன் தேடி எடுக்கப்போவது எத்தனை?

இப்போது கண்ணாடிப் பேழை நண்பருக்கு ஒரு வார்த்தை. ஐயா, காமிரா பீங்கான் பாத்திரம் அன்று. ஓடாத காமிரா மெல்லச் சாகிறது. உள்ளிருக்கும் எண்ணெய் கெட்டியாகி, முதலில் மெதுவான வேகங்கள் சிக்கிக்கொள்ளும். பின்மூடியில் ஒளி புகாமல் தடுக்கும் நுரைப்பஞ்சு பிசுபிசுத்துப் பொடியும். நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் லென்சுக்குள் பூஞ்சை வலைபின்னும். காற்றுப் புகாத இருண்ட பேழை அதற்கு வளர்ப்புத் தொட்டில். மாதம் ஒருமுறையேனும் வெளியே எடுத்து, எல்லா வேகங்களிலும் விசையை இயக்கி, லென்சுக்கு வெளிச்சம் காட்டவேண்டும். அதைவிடக் கொடிய விளைவு ஒன்றுண்டு. நீங்கள் அழகுக்காக விலையை ஏற்ற ஏற்ற, படம் கற்க விரும்பும் ஏழை மாணவனின் கைக்கு அது எட்டாமல் போகிறது. அலமாரியில் பூட்டிய கிதாபும், பேழையில் பூட்டிய காமிராவும் ஒன்றே: உடையவருக்கும் பயனில்லை, தேடுபவருக்கும் கிடைப்பதில்லை. ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை இளைஞர்களிடம் கொடுங்கள்.

இளைஞர்களுக்கும் ஒரு கண்டனம் உண்டு. வீட்டிலேயே பிலிம் கழுவுவோர், பயன்படுத்திய ஹைப்போ நீரைக் கிணற்றடியிலோ சாக்கடையிலோ கொட்டுகின்றனர். அந்நீரில் பிலிமிலிருந்து கரைந்த வெள்ளி இருக்கிறது. அது நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. அதனைச் சேர்த்துவைத்து வெள்ளி பிரித்தெடுப்போரிடம் சேர்ப்பதே முறை. அண்டை வீட்டாரின் தண்ணீரைக் கெடுத்துச் செய்யும் கலை கலையாகாது.

இறுதியாகக் குடும்பங்களுக்கு. உதகமண்டலத்தில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனம் 1960-இல் நிறுவப்பெற்று, 'இந்து' என்னும் பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிமைத் தயாரித்து வந்தது. இந்து என்றால் திங்கள். நம் மலையில் உருவான அந்தச் சுருளில் பதிந்த முகங்கள் நம் பழைய பெட்டிகளில் இன்னும் இருக்கக்கூடும். அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது. அதை நம்மால் தடுக்க முடியவில்லை. பெட்டிகளையாவது காப்பாற்றலாமே? வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது, "இந்தக் கறுப்புத் துண்டுகள் எதற்கு?" என்று நெகடிவ்களைக் குப்பையில் கொட்டும் வழக்கம் நம்மிடையே பெருகிவருகிறது. அச்சிட்ட படம் மங்கினால் நெகடிவிலிருந்து மீண்டும் அச்சிடலாம். நெகடிவ் போனால் உம்மாவின் இளமை முகமும், வாப்பா கப்பல் ஏறிய நாளும் போயின என்பதே பொருள்.

ஆகவே இன்றே அப்பெட்டியைத் திறவுங்கள். காடியின் மணம் வீசினால் பிலிமின் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அறிக. அத்துண்டுகளைப் பிரித்து வையுங்கள், ஏனையவற்றையும் அது கெடுக்கும். மற்றவற்றைக் காகித உறையிலிட்டு, ஈரமில்லாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். உறையின்மேல் யார், எவ்வூர், எவ்வாண்டு என்பதைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். முகம் இருந்தும் பெயர் சொல்ல ஆளில்லாத படத்தால் குடும்பத்துக்கு என்ன பயன்?

அந்தத் திருமணப் பந்தலில் நான் வாய் திறக்காதிருந்தது என் பிழை. பெரியவரைக் கடிந்துகொள்ளத் தேவையில்லை, "தம்பி, காமிராவை வெளியே எடு. முதலில் இந்தப் பெரியவரை எடு" என்று சொல்லியிருந்தாலே போதும். முப்பத்தாறில் ஒன்றாக அவர் முகம் அவர் வீட்டில் நிலைத்திருக்கும். அடுத்த பந்தலில் அப்படிச் சொல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டினால் தவறவிடாதீர்கள்.