பெருங்காயம் போடாத விருந்து

பாரிஸிலிருந்து வந்த என் அக்கா மகள், பெட்டியைக் கூடத்தில் வைத்த கையோடு கைப்பையைத் திறந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். அக்காவின் உருண்டை உருண்டையான கையெழுத்து. "எனக்குச் சீலியாக் என்ற வியாதி. கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி ஆகியவை துளிகூட ஆகாது. அரிசி, உளுந்து, பயறு, கேழ்வரகு ஆகும். தயவு செய்து கவனித்துப் பரிமாறவும்" என்று எழுதியிருந்தது.

ஓட்டலில் காட்ட வேண்டிய சீட்டைச் சித்தியிடம் காட்டுகிறாளே என்று எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காரணம் இருக்கிறது.

நாலு வருஷத்துக்கு முன்பு அவள் காரைக்காலுக்கு வந்தபோது, "கோதுமைதானே ஆகாது? இது அரிசி விளைகிற ஊர் அம்மா, கவலையே படாதே!" என்று பெரிதாகச் சொல்லிவிட்டு, மணக்க மணக்கச் சாம்பாரும் ரசமும் வைத்துப் போட்டேன். பாவம், இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். அன்று இரவு ஆரம்பித்தது. நாலு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். மாங்கனித் திருவிழாவைப் பார்க்க வந்த பெண், மேளச் சத்தத்தை அறைக்குள் படுத்தபடி கேட்டதோடு சரி. நானோ தண்ணீரைக் குறை சொன்னேன், வெயிலைக் குறை சொன்னேன். என் சமையலைத் தவிர எல்லாவற்றையும் குறை சொன்னேன்.

அவள் ஊருக்குப் போன பிறகு ஒரு நாள் அஞ்சறைப் பெட்டியைத் துடைக்கும்போது பெருங்காய டப்பா கையில் அகப்பட்டது. என்ன தோன்றிற்றோ, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பிப் படித்தேன். கோந்து, மைதா, பெருங்காயம் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. முப்பது வருஷமாகச் சமைக்கிறேன். அதுவரை அந்தப் பக்கத்தைப் படித்ததில்லை. நீங்கள் படித்திருக்கிறீர்களா?

ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்தில் வளரும் ஒரு செடியின் வேரைக் கீறி எடுக்கும் பால்தான் பெருங்காயம். அசல் சரக்கின் நெடி தாங்க முடியாது. அதனால் மாவும் கோந்தும் கலந்து மட்டுப்படுத்தி விற்கிறார்கள். பொடியில் மட்டுமல்ல, கட்டியிலும் பெரும்பாலும் இந்தக் கலப்பு உண்டு. அரிசி மாவு கலந்ததும் இப்போது வருகிறது. டப்பாவைத் திருப்பிப் பார்த்து வாங்க வேண்டியதுதான்.

"ஒரு சிட்டிகைக்கா இத்தனை பாடு?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நானும் கேட்டவள்தான். கோதுமையிலும் பார்லியிலும் க்ளூட்டன் என்று ஒரு புரதச் சத்து இருக்கிறது. பரோட்டா மாவை இழுத்தால் அறுந்து போகாமல் நீள்கிறதே, அந்த இழுவை க்ளூட்டனின் வேலை. பிசைந்த கோதுமை மாவைக் குழாயடியில் நன்றாக அலசிப் பாருங்கள். மாவெல்லாம் கரைந்த பிறகு கையில் ரப்பர் மாதிரி ஒன்று மிஞ்சும். அதுதான் அது. நமக்கு ஜீரணமாகிவிடும். சீலியாக் உள்ளவர்களுக்கோ உடம்பே அதைச் சத்துருவாக நினைத்துப் போர் தொடுக்கிறது. போர்க்களம் சிறுகுடல். குடலின் உட்சுவரில் வெல்வெட்டுத் துணியின் இழை போல நுண்ணிய தளிர்கள் இருக்கின்றன. உணவின் சத்தை உறிஞ்சுவது அவைதாம். அவை தேய்ந்து மழுங்கிப் போகின்றன. அப்புறம் என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. சோகை, அசதி, குழந்தையானால் வளர்ச்சிக் குறைவு. மருந்து கிடையாது. ஆயுள் முழுவதும் க்ளூட்டனை விலக்குவதே வைத்தியம். 'க்ளூட்டன் இல்லாதது' என்று ஒரு பொருளில் அச்சடிக்க வேண்டுமானால் அது கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று நம் நாட்டுச் சட்டமே சொல்கிறது. சிட்டிகைக்கு இருக்கிற மதிப்பைப் பார்த்தீர்களா?

இதைக் கண்டுபிடித்த கதை ருசியானது. 1924-ல் நியூயார்க்கில் ஹாஸ் என்ற டாக்டர், இந்த வியாதிக் குழந்தைகளுக்கு வாழைப்பழத்தைப் பிரதானமாகக் கொடுத்துத் தேற்றினார். வாழைப்பழம்தான் மருந்து என்று உலகமே நம்பியது. வாழைப்பழம் தின்ற குழந்தைகள் ரொட்டி தின்னவில்லை. சூட்சுமம் அதில் இருந்தது! ஹாலந்து தேசத்தில் குழந்தை வைத்தியர் டிக்கே என்பவருக்குக் கோதுமை மேல்தான் சந்தேகம். 1944-45 குளிர்காலத்தில், யுத்தத்தினால் அங்கே கொடிய பஞ்சம். ரொட்டிக்கு வழியில்லை. ஊரே பட்டினியில் வாட, இந்தக் குழந்தைகளோ தேறின. ரொட்டி திரும்பி வந்ததும் வியாதியும் திரும்பி வந்தது. 1950-ல் தம் ஆராய்ச்சியை அவர் நூலாகவே சமர்ப்பித்தார்.

நம் பக்கத்தில் இது அபூர்வம். 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என மூன்று பகுதிகளிலும் 23,000-க்கு மேற்பட்டவர்களைச் சோதித்தார்கள். வடக்கே நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று அதிகமாகவும், தெற்கே ஆயிரத்துக்கு ஒருவருக்கும் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சாப்பிடும் கோதுமை சராசரி 455 கிராம். தெற்கே 25 கிராம். பரம்பரை வாகு இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதானாம். இரவுதோறும் சப்பாத்தி என்று ஆகிவிட்ட நம் வீடுகளில் இனி எப்படியோ! சந்தேகம் உள்ளவர்கள் தாங்களாகவே கோதுமையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போகக் கூடாது. நிறுத்திவிட்டால் ரத்தப் பரிசோதனை ஏமாற்றிவிடும்.

விருந்து சங்கதிக்கு வருகிறேன்.

அக்காவின் மாமனார், 1962-ல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்த காரைக்கால்காரர்களில் ஒருவர். அப்படித்தான் அந்தக் குடும்பம் பாரிஸுக்குக் குடிபோயிற்று. வீதிக்கு வீதி ரொட்டிக் கடை உள்ள ஊரில் பிறந்த பெண்ணுக்கு ரொட்டி ஆகாது என்பது என்ன விதியோ!

அன்று இரவு சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, தன் பிறந்த நாளுக்குப் போன ஓர் உணவு விடுதியைப் பற்றிச் சொன்னாள். அங்கே நாம் பண்டம் கேட்க வேண்டியதில்லை. சமையற்காரரே தம் கைவரிசையை ஒன்பது சிறு தட்டுகளாக, ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகிறார். தட்டுக்கு இரண்டு வாய். மூன்று மணி நேரம். பிரெஞ்சில் அதற்கு 'தெகுஸ்தாசியோன்' என்று பெயர். ருசி பார்த்தல் என்று அர்த்தமாம். விலையைச் சொன்னாள். அதை ரூபாயாக்கிப் பார்த்த எங்கள் வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டார். சென்னையிலும் இந்த வழக்கம் வந்துவிட்டது, கிண்டி ஐ.டி.சி. கிராண்ட் சோழாவில் 2017-ல் தொடங்கிய 'ஆவர்த்தனா'வில் நம் ரசமே கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு தட்டாக வருகிறது.

"அங்கே உனக்கு எதைக் கொடுத்தார்கள்? அவர்கள் குழம்பைக் கெட்டியாக்குவதே வெண்ணெயும் மைதாவும் வைத்துத்தானே?" என்றேன்.

"அதுதான் சித்தி விசேஷம். மற்ற இடங்களில் கழித்துக் கொடுப்பார்கள். எல்லோருக்கும் பூரணம் வைத்த பணியாரம் வந்தால் எனக்குப் பூரணம் மட்டும் வரும். எல்லோருக்கும் ரொட்டி வந்தால் எனக்குக் காலித் தட்டு. இவர்கள் பத்து நாள் முன்பே டெலிபோனில் கேட்டுக்கொண்டு, ஒன்பது தட்டையும் எனக்கென்று யோசித்திருந்தார்கள். எனக்கும் ஒரு சின்ன ரொட்டி வந்தது, சுடச்சுட. அதைக் கையில் எடுத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது" என்று சொல்லிச் சிரித்தாள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. என் வீட்டில் அவளுக்குக் கிடைத்தது நாலு நாள் வயிற்று வலி. விடியும்போது முடிவு செய்துவிட்டேன். திருவிழாவுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. அதற்கு முதல் நாள் என் வீட்டில் எட்டுத் தட்டு விருந்து. அவளுக்குத் தனி, எங்களுக்குத் தனி என்று கிடையாது. எல்லோருக்கும் ஒன்று.

சமைப்பது சுலபமாக இருந்தது. சமையலறையைத் தயார் செய்வதுதான் பெரும்பாடு. சப்பாத்தி போடும் கல்லில் தோசை வார்க்கக் கூடாது. புதுக் கல் வாங்கிப் பழக்கினேன். பூரி பொரித்த எண்ணெய் கூடாது. மரக் கரண்டியும் குழவியும் பலகையும் பரணுக்குப் போயின. அரிசி மாவை மெஷினில் அரைக்கக் கொடுக்கலாம் என்று தூக்கை எடுத்தவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். எனக்கு முன்னால் யாராவது கோதுமை அரைத்திருப்பார்களே! அரிசியை ஊற வைத்து உலர்த்தி, வீட்டிலேயே மிக்ஸியில் அரைத்துச் சலித்தேன்.

"அப்பளம் இல்லாமல் விருந்தா?" என்றார் வீட்டுக்காரர். அப்பளக் கட்டைத் திருப்பினால் அதிலும் பெருங்காயம். என் கைப்பட இட்ட கூழ் வடாம் இருக்கிறதே என்று டப்பாவைத் திறந்தேன். சித்திரையில் கூழ் கிளறும்போது நானே பெருங்காயம் கரைத்து ஊற்றியது ஞாபகம் வந்தது. கடைசியில் நேந்திரங்காய் வறுவல்தான்.

பெருங்காயம் இல்லாமல் ரசமா என்று மலைக்காதீர்கள். நாலு பேருக்கு ஒரு ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் சீரகம், ஐந்து பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி. பூண்டைத் தோலோடு தட்டி, நெய்யில் சிவக்க விட்டுச் சேருங்கள். பருப்புத் தண்ணீரும் புளித் தண்ணீரும் நுரைத்து வரும்போது இறக்கிக் கறிவேப்பிலையைக் கசக்கிப் போடுங்கள். நான் அதைச் சின்ன வெள்ளித் தம்ளரில் முதல் தட்டாகக் கொடுத்தேன். அப்புறம் ஒரு கை அகல ஆப்பமும் தேங்காய்ப் பாலும். வாழைப்பூ வடை ஒன்றே ஒன்று. மூன்று இறால், மிளகு போட்டு வறுத்தது. கத்தரிக்காய்க் கொத்சு வைத்த குட்டி இட்டிலி. ஒவ்வொன்றும் நறுக்கிய வாழை இலைத் துண்டில் வந்தது. இலை முழுக்க ஒரேயடியாகப் பரிமாறிப் பழகிய கைக்கு இரண்டு வாய் வைத்து நிறுத்துவது சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று: ஒரு பண்டத்தை மட்டும் முன்னால் வைத்துவிட்டு நாலு பேரும் அதைப் பற்றியே பேசினால் அதற்கு ஒரு கௌரவம் வந்துவிடுகிறது. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்காரர் வாழைப்பூவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார்.

முதல் இரண்டு தட்டுக்கும் அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கை வைத்தாள். மூன்றாவதிலிருந்து பார்க்கவில்லை.

ஆறாவதாக நேந்திரங்காய் வறுவலும் ஏழாவதாகப் பாசிப்பருப்புப் பாயசமும் போன பிறகு, எட்டாவது தட்டைக் கொண்டுவந்தேன். தயிர் சாதம், பக்கத்தில் மாம்பழம். வேறு ஒன்றுமில்லை. "இது என்ன சித்தி, பாயசத்துக்கு அப்புறம்?" என்றாள். அம்மையார் கதையைச் சொன்னேன். கறி சமைத்து ஆவதற்குள் பசியோடு ஒரு சிவனடியார் வந்து நின்றாராம். காத்திருக்கச் சொல்லாமல், கணவன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனியில் ஒன்றை வைத்து அமுது படைத்தாளாம் அந்தப் பெண். ஆனிப் பௌர்ணமியன்று பிட்சாடனர் உலா வரும்போது ஜனங்கள் மாம்பழம் வாரி இறைப்பதும், அம்மையார் அமுது படைப்பதும் அந்தக் கதைதான். "அரிசி, தயிர், பழம். உன் சீட்டை நீட்ட வேண்டிய அவசியமே இல்லாத சாப்பாடு" என்றேன். விரலை வழித்துச் சாப்பிட்டாள்.

அன்று இரவு நான் தூங்கினேன் என்று சொன்னால் அது பொய். குழாய்ச் சத்தம் கேட்கிறதா, கொல்லைப்புற விளக்கு எரிகிறதா என்று காதையும் கண்ணையும் தீட்டிக்கொண்டு கிடந்தேன். ஆறு மணிக்கு அவள் அறைக் கதவு திறந்தது. பதறி எழுந்து போனேன்.

தலையை அள்ளி முடிந்துகொண்டு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். "மேளம் எத்தனை மணிக்கு சித்தி? அதற்கு முன்னால், அந்த ரசம் ஒரு தம்ளர் மிச்சம் இருக்குமா?" என்றாள்.