குறியெழுதும் பட்டதாரிகள்

ஆழ்வார்குறிச்சிப் பரமகல்யாணி கல்லூரியில் விஞ்ஞானம் பயின்று வெளிவரும் நமது வாலிபர்கள் சென்னையில் நாடும் உத்தியோகங்களுள் ‘மெடிக்கல் கோடிங்’ ஒன்று. அமெரிக்க டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியெண்ணை இடுவதே வேலை. அக்குறியைப் பார்த்தே இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கும். குறி பிழைத்தால் பணம் நிற்கும்.

இதை வெறும் குமாஸ்தா வேலையென்று இகழ்வோர் விஷயம் அறியாதார். 2015 அக்டோபர் 1-ந் தேதி அமெரிக்கா குறிமுறையை மாற்றியபொழுது, சுமார் 14,000 நோய்க்குறிகள் சுமார் 68,000 ஆகப் பெருகின. உடற்கூறு அறியாதாருக்கு இவ்வேலை கைகூடாது. ஆயினும், கடல் கடந்த சர்க்காரின் ஓர் உத்தரவு நம்மூர்ப் பிள்ளையின் பிழைப்பையே மாற்றவல்லது என்பதும் இதனால் விளங்கும். இப்பொழுதோ எளிய குறிகளை யந்திரமே இடத் தொடங்கிவிட்டது. புதிதாய்ச் சேர்வோரின் வேலையே முதலில் தேயும்.

ஆகவே நாம் வற்புறுத்துவன இரண்டு. முதலாவது, பயிற்சியென்று முன்பணம் கேட்டாலும், அசல் சர்ட்டிபிகேட்டைப் பிடித்து வைத்தாலும் ஒருவரும் இணங்கலாகாது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டங்கள் நியமனக் கடிதத்தை ஊழியரின் உரிமையாக்கியுள்ளன. அதைக் கேட்டுப் பெறுக. இரண்டாவது, தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஜோஹோ கம்பெனி 2011 முதல் கம்ப்யூட்டர் வேலையை நடத்திக் காட்டியிருக்கிறது. அங்ஙனமிருக்க, இவ்வேலைக்கு மட்டும் சென்னை வாடகையில் பாதிச் சம்பளத்தை இழப்பானேன்? ஜில்லாவிலேயே இத்தொழிலை நிறுவுமாறு சர்க்காரையும் முதலாளிகளையும் நெருக்குவது நமது ஊழியர்களின் உடனடிக் கடமையாகும்.