‘மேலான உண்மை’ என்றொரு மோசடி

கட்டுரையில் தகவல் சரியா என்று கேட்பது குமாஸ்தா புத்தி என்றார் நண்பர், அவர் கவிஞர். நான் வங்கிக் குமாஸ்தாதான். எனவே கேள்வியை விடுவதாயில்லை.

பேச்சு ரிஷார்ட் கபுஷ்சின்ஸ்கியைப் பற்றியது. 1932இல் பின்ஸ்க் நகரில் பிறந்த போலந்துக்காரர். போலந்துச் செய்தி நிறுவனத்தின் நிருபராக ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் அலைந்தவர். இருபத்தேழு புரட்சிகளைக் கண்டவர் என்ற வாக்கியம் ஒரு பட்டம்போல அவரோடு ஒட்டிக்கொண்டது. 2007இல் இறக்கும்வரை நோபல் பேச்சில் அடிபட்ட பெயர். அவரை ‘நிருபர்’ என்று சொன்னால் நம் வட்டத்தில் சிலருக்குக் கோபம் வருகிறது. ‘கலைஞன்’ என்று சொல்ல வேண்டுமாம்.

1978இல் வெளிவந்த அவருடைய ‘சக்கரவர்த்தி’யை ஆங்கிலத்தில் ஒரே இரவில் படித்தவன் நான். 1974இல் பதவி பறிக்கப்பட்ட எத்தியோப்பியாவின் ஹெய்லி ஸெலாஸியைப் பற்றி அவரது அரண்மனை ஆட்களே பேசுவதாக அமைந்த புத்தகம். சக்கரவர்த்தியின் நாய் பிரமுகர்களின் ஷூவை நனைக்கிறது. அதைத் துணியால் துடைப்பதற்கென்றே ஓர் ஆள், வருஷக்கணக்காக. அதிகாரத்தின் ஸ்வரூபம் முழுதும் இந்த ஒரு காட்சியில் தெரிந்துவிட்டதாக நினைத்தேன். அந்தப் பக்கத்தின் பலத்தை இப்போதும் மறுக்கவில்லை.

ஆனால் அரண்மனை ஆட்களின் வாயில் அவர் வைத்த அலங்கார மரியாதைச் சொற்களுக்கு அம்ஹாரிக்கில் இணையே கிடையாது என்று அம்மொழிக்காரர்கள் சொல்வதை ஜான் ரைல் 2001இல் எழுதினார். புத்தகத்தில் படிப்பு வாசனையே இல்லாதவராக வரும் சக்கரவர்த்தி, நிஜத்தில் அம்ஹாரிக்கும் பிரெஞ்சும் படிக்கிறவர். 2010இல் ஆர்தர் டொமொஸ்லாவ்ஸ்கி எழுதிய வாழ்க்கை வரலாறு இன்னும் அடுக்குகிறது. இவர் விரோதி அல்ல, கபுஷ்சின்ஸ்கியைக் குருவாகக் கொண்டவர். விக்டோரியா ஏரியின் மீன்கள் இடி அமீன் கொன்றவர்களின் பிணங்களைத் தின்று கொழுத்தவையாம். அவை வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டு, ஏரியின் சிறு மீன்களைத் தின்று பெருத்த நைல் மீன்கள். அவ்வளவுதான் சங்கதி. லுமும்பாவின் நண்பர் என்று புத்தக அட்டை பேசிற்று. சந்தித்ததே இல்லை என்கிறது வரலாறு.

வக்கீல்களின் வாதங்களைப் பார்ப்போம். ராணுவ ஆட்சிக்குப் பயந்து பேசியவர்களின் பெயரை மறைத்தார் என்கிறார்கள். நியாயம். பெயரை மறைப்பது வேறு, பேச்சைச் செய்வது வேறு. அடுத்து, அது எத்தியோப்பியாவே அல்ல, கியெரெக்கின் போலந்து. தணிக்கையை ஏமாற்ற வேறு வழியில்லை என்கிறார்கள். போலந்து வாசகர்கள் அப்படித்தான் படித்தார்கள் என்பதும் உண்மை. அப்படியானால் எத்தியோப்பியா என்ன, வாடகைக்கு எடுத்த வேஷமா? வார்ஸாக்காரனுக்கு உருவகமாக இருப்பது அடிஸ் அபாபாக்காரனுக்குச் சொந்தச் சரித்திரம். அந்தப் பொய்யின் செலவு யார் கணக்கில் விழுகிறது? போலிஷ் படிக்கத் தெரியாதவன் கணக்கில்.

மூன்றாவதுதான் நம்மவர்களுக்குப் பிரியமான வாதம்: தகவலைவிட மேலான உண்மை ஒன்று இருக்கிறது, கலைஞன் அதைத் தொடுகிறான் என்பது. இதற்குக் கபுஷ்சின்ஸ்கியே பதில் தருகிறார். 1955 ஆகஸ்டில் ஆடம் வாஷிக் ‘பெரியவர்களுக்கு ஒரு கவிதை’ என்ற கவிதையை வெளியிட்டார். ஆட்சியின் பெருமையான நோவா ஹூத்தா இரும்பாலை நகரத்தின் அவலம் அதில் வெளிப்பட்டது. கட்சி கொதித்தது. அடுத்த மாதம் இருபத்து மூன்று வயதுக் கபுஷ்சின்ஸ்கி அந்த நகரத்துக்குப் போய், தொழிலாளர் வாழ்க்கையைப் பார்த்து எழுதினார். ‘இதுவும் நோவா ஹூத்தாவின் உண்மை’ என்று தலைப்பு. மேலிடத்துக்கு ஆத்திரம். விசாரணைக் குழு போயிற்று. எழுதியது சரிதான் என்று கண்டது. 1956இல் அவருக்கு விருதே கிடைத்தது. கவிதை கவிதையின் வேலையைச் செய்தது. செய்தி செய்தியின் வேலையைச் செய்தது. குழு சரிபார்க்கப் போனபோது அந்த இளைஞன் ‘மேலான உண்மை’க்குள் ஒளிந்துகொள்ளவில்லை. சரிபார்க்கப் போதுமான தகவல் அவனிடம் இருந்தது. எத்தியோப்பியாவுக்கு மட்டும் அந்தக் கண்டிப்பு எதற்கு என்று பின்னாளில் தோன்றிவிட்டது போலும்.

நம் யோக்கியதையையும் பார்த்துக்கொள்ளலாம். வாரப் பத்திரிகைக்காரன் ஆளைப் பார்க்காமலே பேட்டி எழுதினால் அயோக்கியத்தனம் என்கிறோம். அதையே ஒருவர் நல்ல வாக்கியத்தில் செய்தால் கலை என்கிறோம். அப்படியானால் வியாபார எழுத்தோடு நமக்கிருக்கும் சண்டை உண்மைக்காக அல்ல, நடைக்காக மட்டும்தான்.

வங்கியில் வித்தியாசம் வந்தால் ஸஸ்பென்ஸ் கணக்கில், வித்தியாசம் என்று பெயர் சொல்லி எழுதி வைப்போம். பொருத்தமான ஒரு எண்ணைப் போட்டு நேர் செய்கிறவன் வேலையில் இருக்க மாட்டான். புத்தகத்துக்கும் அப்படியொரு கணக்கு உண்டு. அதன் பெயர் நாவல். அட்டையில் அந்த ஒரு சொல்லைப் போட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. அவர் போடவில்லை. போட்டிருந்தால் அந்த நாய்க்குப் பாதி மதிப்புகூட இருந்திராது என்பது அவருக்குத் தெரியும். இது நடந்தது என்று நம்பித்தான் அன்றிரவு நான் தூங்காமல் படித்தேன்.