அக்கரை எது?

மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. ரஹாங்கில் பேருந்து ஏறி, போர்ட்டிக்சன் கடற்கரையில் போய் இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமையானால் பாய் விரிக்க இடம் கிடைக்காத கரை அது. அன்றோ ஆள் அரவமே இல்லை. கடல் உள்வாங்கிக் கிடந்தது. ஈர மணலில் குட்டி நண்டுகள் ஓடிப் பிடித்து விளையாடின. தூரத்தில் ஒரு சம்பான். அதற்கும் அப்பால் மலாக்கா நீரிணையில் சரக்குக் கப்பல்கள், நகர்வது தெரியாமல் நகர்ந்துகொண்டிருந்தன.

அன்பர்களே, இப்படி ஒரு தனிமை கிடைத்தால் உங்களுக்கு யார் நினைவு வரும்? எனக்கு என் பாட்டியின் நினைவு வந்தது.

பாட்டி 1937-இல் பதினேழு வயதில், தாத்தாவோடு நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறி வந்தவர். 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் நம்மவர்களைச் சுமந்த கப்பல் அது. அடுத்த ஆண்டே, 1938-இல், தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசாங்கம் நிறுத்திவிட்டது. "நான் வந்ததும் கதவைச் சாத்திட்டாங்க" என்று பாட்டி வேடிக்கையாகச் சொல்வார்.

பிறகு சப்பான்காரன் வந்தான். 1943-இல் தாத்தாவைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். தோட்டப் பாட்டாளிகளில் ஆயிரக்கணக்கானோர் மாண்ட அந்தக் காட்டிலிருந்து அவர் திரும்பவில்லை. சண்டை முடிந்து கப்பல் மறுபடியும் ஓடத் தொடங்கியதும், பலர் ஊருக்குப் போனார்கள். பாட்டி போகவில்லை. "அவரு வந்தா இந்த லயத்துலதானே தேடுவாரு?" என்பதுதான் அவர் சொன்ன ஒரே காரணம்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, 1968-இல், தோட்டத்து லாரியில் எல்லோரும் போர்ட்டிக்சன் போனோம். புளிச்சோறு, அவித்த முட்டை, ஒரே கும்மாளம். பாட்டி மட்டும் கூட்டத்தை விட்டு விலகிப் போய், ஒரு மரத்தடியில் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தம்பி, நேரே அந்தப் பக்கம்தானே நம்ம ஊரு?" என்று கேட்டார்.

எனக்கு என்ன தெரியும்? "ஆமா பாட்டி" என்றேன். அதன்பின் அவர் பேசவில்லை. அப்படி ஓர் அமைதியை அந்த முகத்தில் நான் அதற்குமுன் கண்டதில்லை.

நாலைந்து ஆண்டுகள் கழித்துப் பள்ளியில் பூகோளப் படத்தைப் பார்த்தபோது நெஞ்சு பக்கென்றது. போர்ட்டிக்சனுக்கு எதிரே இருப்பது சுமத்திரா! நாகப்பட்டினமோ வடமேற்கே, வங்காள விரிகுடாவையும் தாண்டி இருக்கிறது. பொய் சொல்லிவிட்டேனே என்று பாட்டியிடம் போய் ஒப்புக்கொண்டேன்.

பாட்டி சிரித்தார். "கப்பல்ல வந்தவ நானு, எனக்குத் தெரியாதாடா? ஆனா நீ ஆமான்னு சொன்னப்ப மனசுக்கு நல்லா இருந்துச்சு."

இதை நினைத்தபடி அண்ணாந்து பார்த்தேன். தஞ்சோங் துவான் முனைப் பக்கமாக, 1863-இல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கும் திசையில், நாலைந்து தேன்பருந்துகள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. தெற்கே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, சுமத்திராவிலிருந்து கடல் தாண்டி வடக்கே திரும்பும் பறவைகள் அவை. தரையிலிருந்து எழும் வெப்பக் காற்றில் மிதந்து பறப்பவை. கடல்மேல் அந்தக் காற்று கிடைப்பதில்லை. அதனால் நீரிணை ஒடுங்கிய இடமாகப் பார்த்துக் கடக்கின்றன. இங்கே அக்கரைக்குச் சுமார் 38 கிலோமீட்டர்தான். ஆண்டுதோறும் வந்த வழி பார்த்துத் திரும்பிவிடுகின்றன.

பாட்டி திரும்பவில்லை. 1986-இல் தோட்டத்திலேயே காலமானார். அவருடைய அஸ்தியை இதே கடலில்தான் கரைத்தோம். போக நினைத்த ஊருக்கு அந்த நீராவது போய்ச் சேர்ந்திருக்கும் என்று அப்பா சொன்னார். அது சரியா என்று நான் பூகோளப் படத்தைப் பார்க்கவில்லை.

கடலைப் பார்த்தால் மனம் அமைதியாகிறது என்கிறோமே, துக்கம் தீர்ந்துபோவதாலா? இல்லை. வீட்டுக்குள் வைக்க இடமில்லாத துக்கத்தை, கொஞ்ச நேரம் இறக்கி வைக்க இடம் கிடைக்கிறது. பாட்டி அன்று செய்தது அதைத்தான்.

உங்கள் வீட்டிலும் வயதானவர்கள் இருப்பார்கள். ஒரு நாள், கூட்டமில்லாத நாளாகப் பார்த்து, அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போங்கள். பேச்சுக் கொடுக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். அவர்களாக எதையாவது கேட்டால், பூகோளம் பார்க்காமல் பதில் சொல்லுங்கள்.

கடல் ஏறி வந்து என் காலைத் தொட்டது. எழுந்து பேருந்துக்கு நடந்தேன்.