விற்றவர் யார்?

புக்காரா, கிபிர், மிக் என்று சத்தத்தை வைத்தே எது வருகிறதென்று சொல்லத் தெரிந்தவர்கள் நாங்கள். ஆனால் அவற்றைச் செய்தவன் யார், விற்றவன் யார் என்று அப்போது நாங்கள் கேட்டதில்லை. பங்கருக்குள் ஓடுகிறவனுக்கு அதற்கு நேரமேது? இங்கே நேரம் இருக்கிறது. அதனால் இந்த மாதம் அதைப்பற்றி எழுதுகிறேன்.

புக்காரா 1993இல் ஆர்ஜென்டீனாவிலிருந்தும், கிபிர் 1996இல் இஸ்ரேலிலிருந்தும் இலங்கைக்கு வந்தன. இரண்டையும் செய்தவை அந்தந்த நாட்டு அரசாங்கங்களுக்குச் சொந்தமான தொழிற்சாலைகள். மிக்-27 விமானங்கள் 2000இல் உக்ரேனிலிருந்து வந்தன. 2006இல் மேலும் நான்கு வாங்கியபோது, இது அரசுக்கும் அரசுக்கும் இடையிலான வியாபாரம் என்று கொழும்பு சொன்னது. பணம் போனதோ இடையில் நின்ற மூன்றாவது கம்பனி ஒன்றுக்கு என்று கொழும்புப் பத்திரிகைகள் எழுதின. ஆக, அரசாங்கம் என்ற சொல் இருந்தால் வியாபாரம் சுத்தம் என்று நினைக்க வேண்டியதில்லை.

இப்போது மொழி வகுப்பில் உங்களுக்குப் பக்கத்தில் உக்ரேன் பெண் ஒருவர் இருப்பார். அவரும் குண்டுக்குத் தப்பி வந்தவர்தான். அந்த மிக் விமானங்களுக்கு அவரிடமா கணக்குக் கேட்பது? கையெழுத்துப் போட்டது அவரல்ல.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருவோம். கொங்ஸ்பெர்க் ஆயுதக் கம்பனியில் பாதிக்குச் சற்றுக் கூடிய பங்கு நோர்வே அரசுடையது. ரவுஃபோஸில் வெடிபொருள் செய்யும் நாம்மோவில் சரிபாதி. அந்த இலாபம் போகும் திறைசேரியிலிருந்துதான் எங்கள் பிள்ளைக்காசும் வருகிறது. 'நாங்கள் விற்காவிட்டால் வேறொருவன் விற்பான்' என்று என்னோடு வேலைசெய்யும் ஒருவர் சாப்பாட்டு இடைவேளையில் சொன்னார். நல்ல மனிதர்தான். ஆனால் ஊரில் கசிப்பு விற்றவனும் இதைத்தானே சொன்னான்!

போர் நடக்கும் இடத்துக்கும், போர் மூளக்கூடிய இடத்துக்கும், உள்நாட்டுப் போர் உள்ள நாட்டுக்கும் ஆயுதம் விற்பதில்லை என்று நோர்வேப் பாராளுமன்றம் 1959இலேயே தீர்மானித்தது. அப்படியிருந்தும், 2015இல் யேமன் போரில் இறங்கிய ஐக்கிய அரபு அமீரகத்துக்கு வெடிபொருள் விற்க அனுமதி இருந்தது. அதை நிறுத்தியது 2017 கடைசியில்தான். நிறுத்தலாம் என்பது அதிலிருந்து தெரிகிறது. நிறுத்த ஏறக்குறைய மூன்று வருடம் எடுத்தது என்பதும் தெரிகிறது.

2022இல் உக்ரேனுக்கு டாங்கி எதிர்ப்பு ஆயுதங்கள் 2000 கொடுத்தபோது நோர்வே தன் பழைய வழக்கத்தை மாற்றியது. 2024 ஜனவரியில் கம்பனிகள் நேரடியாக உக்ரேனுக்கு விற்கவும் அனுமதித்தது. இதை நான் பிழை என்று சொல்லமாட்டேன். தலைக்கு மேலே விமானம் வந்தால் அதை விழுத்த ஏதாவது வேண்டுமென்று நாங்களும் ஏங்கியவர்கள்தான். ஆனால் உக்ரேனுக்காகத் திறந்த கதவால் வேறு யார் நுழைவார் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

எந்த நாட்டுக்கு எவ்வளவு விற்றோம் என்று அரசாங்கம் 1996 முதல் வருடாவருடம் பாராளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கிறது. அது ஒளித்து வைத்த கடதாசி அல்ல, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்தால் வாசித்துச் சொல்லும். பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கப் பிரஜாவுரிமை வேண்டும். தேர்தல் காலத்தில் மோர்டென்ஸ்ருட் கடைத்தொகுதி வாசலில் கட்சிக்காரர் கோப்பியோடு நிற்கும்போது, அந்த அறிக்கையைக் காட்டி 'இந்த நாட்டுக்கு ஏன் விற்றீர்கள்?' என்று கேட்க அது தேவையில்லை.