கண் நோய்க்குக் கல்லீரல் வைத்தியமா?

நீரிழிவினால் கண் கெடுவதற்குச் சீன தேசத்துப் பழைய மூலிகை வைத்தியத்தில் மருந்திருக்கிறதென்றும், அது ஈராயிரம் வருஷத்துப் பழமையுடையதாகையால் அதைக் கேள்வி கேட்பதே அதிகப்பிரசங்கித்தனம் என்றும் ஒரு கூட்டத்தார் பேசி வருகிறார்கள். பழமைதான் யோக்கியதை என்றால், பெரியம்மையும் பழமையானதுதான்!

அந்த வைத்திய சாஸ்திரம் சொல்லுவதென்ன? கண் கல்லீரலின் வாசலாம். கல்லீரலும் சிறுநீரகமும் வறண்டால் பார்வை மங்குமாம். ஆகவே கோஜிப் பழம், சாமந்திப் பூ, ரெமானியாக் கிழங்கு முதலியவைகளை உருண்டையாக்கிக் கொடுக்கிறார்கள். கொழுப்பும் இனிப்பும் மிகுதியாய்த் தின்பதால் தாக நோய் வரும் என்று அவர்களுடைய 'நெய்ஜிங்' என்னும் பழைய நூல் கண்டு சொல்லியிருப்பது மெச்சத்தக்கதே. ஆனால் உயிருள்ள மனிதனின் விழித்திரையைப் பார்க்கும் கருவியை ஜெர்மானியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் வெளியிட்டது 1851-ல்தான். அதற்கு முன் எந்தத் தேசத்து வைத்தியருக்கும் அதை நன்றாய்ப் பார்க்க வழியில்லை. பார்க்காத முன்னோர்களை நாம் குறை கூறவில்லை. பார்த்த பின்னும் கல்லீரலையே கட்டிக்கொண்டு அழுகிறவர்களைத்தான் கேட்கிறோம்.

உண்மையில் நடப்பதென்ன? சர்க்கரை மிகுந்த இரத்தத்தால் விழித்திரையின் மெல்லிய குழாய்கள் கசிகின்றன, சில அடைபடுகின்றன, பிறகு முளைக்கும் புதுக் குழாய்கள் உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கொட்டுகிறது. இதில் பெரிய மோசம் யாதெனில், வெகுகாலம் வரையில் வலியுமில்லை, மங்கலுமில்லை. "உருண்டை சாப்பிடுகிறேன், கண் நன்றாய்த் தெரிகிறது" என்று ஒருவர் நற்சாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுக்கும் அதே நாளில் உள்ளே திரை நாசமாகிக் கொண்டிருக்கலாம். அந்தப் பத்திரத்தைக் காட்டித்தான் வியாபாரம் நடக்கிறது! பத்திரத்தை நம்பி உட்கார்ந்திருப்பவர், லேசர் ஒளியால் பார்வையைக் காப்பாற்றக்கூடிய காலத்தைப் பறிகொடுக்கிறார். அந்த ஒளி கடுமையான பார்வை இழப்பைப் பாதிக்கு மேல் குறைக்கிறதென்று அமெரிக்காவில் 1976-லேயே பரீட்சித்துக் காட்டியாயிற்று. சர்க்கரையை நன்கு அடக்கினால் இளவயது நீரிழிவுக்காரரிடம் இந்நோய் தோன்றுவதே 76 சதவிகிதம் குறைகிறதென்பது 1993-ல் தெரிந்தது.

மூலிகையென்றாலே நமக்குப் பகையா? இல்லை. சீனத்து அம்மையார் தூ யூயூ பழைய ஏட்டில் ஒரு குறிப்பைக் கண்டார். ஏட்டுக்குப் பூஜை போடவில்லை. செடியின் சாற்றைப் பிரித்தெடுத்தார், எலிக்குக் கொடுத்தார், 1972-ல் தாமே விழுங்கியும் பார்த்தார். மலேரியாவுக்கு மருந்து கிடைத்தது. 2015-ல் நோபல் பரிசும் வந்தது. டான்ஷென் வேர் சேர்ந்த மாத்திரையையும் சீன டாக்டர்களே போலி மாத்திரையோடு ஒப்பிட்டு, கண் நோய்க்குச் சோதித்திருக்கிறார்கள். நன்மை கண்டதாகவும் சொல்லுகிறார்கள். நல்லது, அதுவே நேர்வழி. குருடாவதை அது தடுக்கிறதென்று மற்றவர்களும் பெரிய அளவில் சோதித்துக் காட்டட்டும், ஏற்றுக்கொள்வோம். அதுவரையில் லேசருக்குப் பதில் அது என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

"மூலிகைதானே, கெடுதல் செய்யாது" என்பவர்கள் பெல்ஜியத்தைப் பார்க்கட்டும். 1990-களின் தொடக்கத்தில் உடல் இளைக்கச் சீன மூலிகை தின்ற பெண்கள் நூற்றுக்கு மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் கெட்டது. ஒரு வேருக்குப் பதிலாக அரிஸ்டலோக்கியா என்னும் நச்சு வேர் கலந்துவிட்டதே காரணம். நீரிழிவுக்காரருக்கோ சிறுநீரகம் ஏற்கெனவே ஆபத்திலிருப்பது. கண்ணைக் காப்பதாகச் சொல்லி விற்கும் பொட்டலத்தில் என்னென்ன வேர் இருக்கிறதென்று விற்கிறவருக்காவது தெரியுமா?